அழுத தந்தையும் வெட்கிய மகனும்

கேள்வி: எனக்கு வயது 48. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மகனுக்கு 17 வயது. கடந்த ஓராண்டாக அவன் போக்கே மாறிவிட்டது. காலையும் மாலையும் ஜிம்முக்குப் போகிறான். கைச்செலவுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் புரதப் பொடியாகவும் ஏதேதோ மாத்திரைகளாகவும் மாறுகிறது. நாங்கள் வழிபடும் இடத்தில் இளைஞர்களுக்கென்று நடந்த முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து, வீட்டுக்கு ஆண்தான் தலைமை என்கிறான். கைப்பேசியில் எந்நேரமும் ஓர் அரசியல் தலைவரின் பேச்சு ஓடுகிறது. நம் ஆட்கள் கோழைகளாகிவிட்டார்கள் என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அவனைவிட மூன்று வயது மூத்த அக்காவிடம், எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று விசாரணை நடத்துகிறான். இரண்டு மாதங்களுக்கு முன் என் தாயார் காலமானார். நான் அழுதேன். அவன் என்னைத் தனியே அழைத்துப் போய், "எல்லாரும் பார்க்கிறாங்க, ஆம்பள மாதிரி இருங்கப்பா" என்றான். அந்தச் சொல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா? அவனைத் திருத்த வேண்டுமா, அல்லது குறை என்னிடம்தானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தாயாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெற்ற தாயை இழந்த மனிதர் அழுததில் எந்தக் குறையும் இல்லை. அந்த நேரத்தில் மகன் சொன்ன சொல் உங்களைக் காயப்படுத்தியதும் இயல்பே. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தபின், அவன் உங்களை அவமானப்படுத்த நினைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஏதோ ஓர் அவமானத்திலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் அவன் முயன்றிருக்கிறான். "எல்லாரும் பார்க்கிறாங்க" என்ற முதல் பாதியைக் கவனியுங்கள். பார்வையாளர் கூட்டம் ஒன்று தன்னையும் தன் தந்தையையும் ஓயாமல் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்ற அச்சத்தோடு அந்தப் பிள்ளை வாழ்கிறான். அந்த அச்சத்தை அவனுக்குள் வைத்தது யார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

ஜிம், முகாம், அரசியல் பேச்சு ஆகிய மூன்றையும் நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குள் அவை ஒரே குரலாகத்தான் ஒலிக்கின்றன. நீ இன்னும் முழு ஆண் ஆகவில்லை, ஆகிவிட்டாலும் அது எந்த நேரமும் கைநழுவிப் போகலாம் என்று அந்தக் குரல் முதலில் சொல்கிறது. பயம் பிடித்தபின், அதற்கான மருந்து எங்களிடம் இருக்கிறது என்கிறது. ஜோசப் வாண்டெல்லோ, ஜெனிஃபர் பாசன் முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பெண்மை வயதோடு தானாக வருவது என்றும், ஆண்மை மட்டும் முயன்று ஈட்ட வேண்டியது, இழந்துவிடக் கூடியது, மற்றவர் முன்னிலையில் அடிக்கடி நிரூபிக்க வேண்டியது என்றும் மக்கள் கருதுவதாக அவர்கள் காட்டினார்கள். அப்படிக் கருதும் ஆண்கள், தங்கள் ஆண்மை கேள்விக்குள்ளாவதாக உணர்ந்தால் பதற்றமடைகிறார்கள். அந்தப் பதற்றத்தில் வன்மையான செயல்களின் பக்கம் சாய்கிறார்கள். நம் பேச்சையே எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே ஆணாக இருப்பவனிடம்தானே "ஆம்பளையா இரு" என்கிறோம்? இருப்பதை இல்லாததுபோல் பேசும் அந்தச் சிறு வாக்கியத்துக்குள் ஒரு மிரட்டல் இருக்கிறது.

வணிகம் இந்த மிரட்டலை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது எளிதில் தெரியும். 1964-இல் ஒரு பொம்மை நிறுவனம் சிறுவர்களுக்கென்று ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் உருவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதைப் பொம்மை என்று அழைக்கவே கூடாது என முடிவு செய்தது. பொம்மையோடு விளையாடுவது பெண்பிள்ளைகளின் வேலை என்பதால் 'செயல் உருவம்' என்ற புதிய பெயரை அதற்குக் கண்டுபிடித்தார்கள். ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1999-இல் இத்தகைய உருவங்களை அளந்து பார்த்தார்கள். முப்பது ஆண்டுகளில் அவற்றின் தசைகள் பெருத்துக்கொண்டே வந்திருந்தன. கடைசியாக வந்த உருவங்களில் ஒன்றை ஒரு மனிதனின் உயரத்துக்கு வளர்த்துக் கணக்கிட்டால், அதன் மேற்கைச் சுற்றளவு 26 அங்குலத்தைத் தாண்டியது. தொழில்முறை உடற்கட்டு வீரர்களுக்கும் எட்டாத அளவு அது. உங்கள் மகன் கண்ணாடி முன் நின்று தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் உடல் உலகத்தில் எங்குமே இல்லாததாக இருக்கக்கூடும்.

மார்ல்போரோ சிகரெட்டின் கதை இன்னும் தெளிவானது. 1920-களில் அது பெண்களுக்கான மென்மையான சிகரெட்டாக விளம்பரம் செய்யப்பட்டது. 1950-களின் நடுவில் வடிகட்டி பொருத்திய சிகரெட்டை ஆண்களிடமும் விற்க விரும்பினார்கள். வடிகட்டி வைத்த சிகரெட் பெண்களுக்கானது என்ற எண்ணம் அதற்குத் தடையாக இருந்ததால், லியோ பர்னெட்டின் விளம்பர நிறுவனம் மாடு மேய்க்கும் கவ்பாய் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் அதே பெயர்தான். பெண்மையின் அடையாளமாக இருந்த பொருள் சில ஆண்டுகளுக்குள் ஆண்மையின் அடையாளமாக மாறியது. அந்த விளம்பரங்களில் தோன்றிய ஆண்களில் சிலர் பின்னாளில் புகைப்பழக்கம் தந்த நோய்களால் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான வெய்ன் மெக்லாரன் 1992-இல் இறப்பதற்கு முன் புகைக்கு எதிராகப் பேசினார். அமெரிக்காவில் 2001-க்கும் 2011-க்கும் இடையில் நாற்பது வயதைக் கடந்த ஆண்களிடையே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மருந்தின் பயன்பாடு மூன்று மடங்குக்கும் மேல் கூடியது. முதுமையின் சாதாரணச் சோர்வையே ஆண்மைக் குறைபாடு என்று காட்டிய விளம்பரங்களுக்கு அதில் பங்குண்டு. 2015-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வயது ஏறுவதால் மட்டும் ஏற்படும் குறைவுக்கு இந்த மருந்தின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று அறிவித்து, மாரடைப்பு, பக்கவாத அபாயம் பற்றிய எச்சரிக்கையையும் மருந்தோடு வரும் விவரக்குறிப்பில் சேர்க்கச் செய்தது.

அரசியலும் மதமும் இதில் இணைந்த விதம் சற்று நுட்பமானது. உங்கள் மகனைப் பிடித்திருப்பது அதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தொழிற்புரட்சி கண்ட இங்கிலாந்தில், ஆண்கள் மேசை முன் அமர்ந்து மென்மையாகிவிட்டார்கள் என்றும் தேவாலயம் பெண்களின் இடமாகிவிட்டது என்றும் ஒரு கவலை பரவியது. சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் போன்ற எழுத்தாளர்கள் உடல் உறுதியையும் விளையாட்டையும் இறைப்பற்றோடு சேர்த்துப் பேசினார்கள். 1857 முதல் அந்தப் போக்குக்குத் 'தசைவலிமைக் கிறித்தவம்' என்ற பெயரே வழங்கலாயிற்று. 1844-இல் இளைஞர்களின் வழிபாட்டுக்காகவும் வேதப் படிப்புக்காகவும் லண்டனில் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ., பிற்பாடு உடற்பயிற்சிக் கூடங்களால் அறியப்படும் அமைப்பாக வளர்ந்தது. 1891-இல் அதன் பயிற்சிப் பள்ளி ஒன்றில்தான் கூடைப்பந்தாட்டம் பிறந்தது. இதில் நன்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்கள் பலவீனமாகிவிட்டார்கள் என்ற அதே கவலை, பேரரசு தன் படைக்கு ஆள் தேடியபோது அரசியல் கவலையாகவும் மாறியது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்கு முன்வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டதும், அதை ஆராய 1904-இல் ஓர் அரசுக் குழு அறிக்கை தந்ததும், 1908 அளவில் சாரணர் இயக்கம் வேகமாகப் பரவியதும் அடுத்தடுத்து நடந்தவை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது இனி வருவது. தன் ஆண்மையைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த அதே பேரரசு, தான் ஆண்ட மக்களை ஆண்மையற்றவர்கள் என்றது. வங்காளிகளின் உடலமைப்பு பெண்தன்மை எனும் அளவுக்கு வலுவற்றது என்று மெக்காலே 1841-இல் எழுதினார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, சில சமூகங்கள் மட்டுமே 'போர்க்குடிகள்' என்ற கொள்கை வலுப்பெற்றது. தளபதி ராபர்ட்ஸ் போன்றோர் தென்னாட்டு வீரர்கள் இனிப் போருக்கு உதவார் என்று முடிவு கட்ட, சென்னைப் படைப்பிரிவுகள் சில கலைக்கப்பட்டன, சிலவற்றில் வேறு பகுதி ஆட்கள் நிரப்பப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது அதே தென்னாட்டினரைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த மக்களின் உடலில் எதுவும் மாறிவிடவில்லை. ஆள்வோரின் தேவைதான் மாறியிருந்தது.

இகழப்பட்டவர்கள் அதற்கு என்ன பதில் சொன்னார்கள்? பெரும்பாலும், இகழ்ந்தவரின் அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டார்கள். 1897-இல் சென்னையில் விவேகானந்தர் இளைஞர்களிடம், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்தாட்டத்தின் வழியே நீங்கள் விண்ணுலகத்தை நெருங்கலாம் என்று பேசினார். அவருடைய அக்கறை உண்மையானது. அவர் கண்முன் இருந்த வறுமையும் மெலிவும் உண்மையானவை. அடுத்த ஆண்டே, 1898-இல், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், யூதர்களுக்குத் தனித் தாயகம் வேண்டும் என்ற சியோனிச இயக்கம் கூட்டிய மாநாட்டில் மருத்துவர் மாக்ஸ் நோர்டாவ் 'தசைவலிமை யூதம்' வேண்டும் என்றார். நூல்களின்மேல் குனிந்திருக்கும் அறிஞனே உயர்ந்த ஆண் என்று நூற்றாண்டுகளாகப் போற்றிவந்த ஒரு மரபு, பிறரின் ஏளனத்தால் அந்த மனிதனைக் குறித்து வெட்கப்படத் தொடங்கியது. ஒருவரையொருவர் அறியாத இரு சமூகங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே விடையைச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். "நம் ஆட்கள் கோழைகளாகிவிட்டார்கள்" என்று இன்று உங்கள் மகனின் கைப்பேசியில் ஒலிக்கும் பேச்சும் அந்த வரிசையில் வருவதுதான். யாரோ எங்கோ எப்போதோ செய்த ஏளனத்தின் வடு, அந்த ஏளனத்தையே கேட்டறியாத 17 வயதுப் பையனின் நெஞ்சில் வலிக்கிறது.

கோழை என்ற சொல் அரசியலின் கையில் என்னவெல்லாம் செய்யும் என்பதை அவனுக்கு நீங்கள் ஒருநாள் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர், சீருடை அணியாத ஆண்களின் கையில் கோழைத்தனத்தின் அடையாளமாக வெள்ளை இறகைக் கொடுக்கும்படி முப்பது பெண்களைத் திரட்டினார். அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. விடுப்பில் வந்த வீரர்களுக்கும், காயம்பட்டுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கும்கூட இறகு கிடைத்தது. விடுவிக்கப்பட்டவர்கள் 1916-இல் அரசு வழங்கிய வெள்ளிச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் தெருவில் இகழ்ச்சியின்றி நடக்க முடிந்தது. ஓடிப்போனது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் படையினராலேயே சுடப்பட்ட பிரிட்டிஷ் பேரரசின் வீரர்கள் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. குண்டுவீச்சின் அதிர்ச்சியில் மனம் சிதைந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். இன்று அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் வந்தால் அவருக்கு நான் சிகிச்சை அளிப்பேன்.

இவ்வளவும் சொன்னதால், மகனின் நம்பிக்கையையோ அவனுடைய தலைவரையோ வீட்டில் தாக்கிப் பேசுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எதிர்விளைவையே தரும். எந்த மதத்திலும் ஆணைப் பற்றி ஒரே ஒரு குரல் இருப்பதில்லை. சீடர்களின் கால்களைக் கழுவியவர் கிறித்தவத்தின் நடுவில் இருக்கிறார். தம் காலணியைத் தாமே தைத்து, வீட்டு வேலைகளில் கைகொடுத்தவராக நபிகளை இஸ்லாமிய மரபு நினைவுகூர்கிறது. அரியணையை விட்டு வெளியேறிய இளவரசரைப் பௌத்தம் வணங்குகிறது. நம் மொழியும் இதை அறியும். பழந்தமிழில் பிறன்மனை நோக்காத மனவுறுதி பேராண்மை எனப்பட்டது, பிறர்க்கு உதவும் பண்பு வேளாண்மை எனப்பட்டது, விடாமுயற்சி தாளாண்மை எனப்பட்டது. ஆள்தல், பொறுப்பேற்றல் என்ற பொருள்தான் இவற்றில் ஓடுகிறது. ஆகவே, முகாமில் கேட்டதை அவன் சொல்லும்போது மறுக்காமல், "தலைமை என்றால் அந்த வீட்டில் யார் முதலில் சாப்பிடுவது, யார் கடைசியில் தூங்குவது?" என்று கேளுங்கள். உங்கள் மரபுக்குள்ளேயே இருக்கும் மற்றக் குரலை அவனோடு சேர்ந்து தேடுங்கள். அந்தத் தேடலை அவன் வெளியிலிருந்து வந்த தாக்குதலாக எண்ண மாட்டான்.

அரசும் இருபக்கமும் செல்லக்கூடியதே. முசோலினியின் இத்தாலி 1927-இல் மணமாகாத ஆண்கள்மீது வரி விதித்தது. சுவீடனோ 1974-இல் தாய்மார்களுக்கு மட்டும் இருந்த பேறுகால விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக்கி, 1995 முதல் ஒரு பங்கைத் தந்தை எடுக்காவிட்டால் இழக்க வேண்டியதாகவும் செய்தது. நார்வே அத்தகைய ஒதுக்கீட்டை 1993-இல் கொண்டுவந்தது. அதற்குமுன் மிகச் சில தந்தையரே விடுப்பு எடுத்த நாட்டில் சில ஆண்டுகளுக்குள் பெரும்பான்மையோர் எடுக்கத் தொடங்கினார்கள். கைக்குழந்தையைத் தூக்குவது ஆணுக்கு இழுக்கு என்ற எண்ணம் ஒரு சட்டத்தால் அங்கே பெருமளவு தளர்ந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில் அந்த மாத்திரைகள். அவற்றின் பெயரைத் தெரிந்துகொண்டு, இந்த வாரமே அவனோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஜிம் வட்டாரத்தில் கைமாறும் பொருட்களில் தசையைப் பெருக்கும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் இருப்பது உண்டு. அவை உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து விரைகளைச் சுருங்கச் செய்யும். இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். வளரும் வயதில் எலும்பின் வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடவும் கூடும். சினமும் மனச்சோர்வும் வரும். இதை மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். உடற்பயிற்சியை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் பயிற்சி தவறினால் நிலைகொள்ளாமல் தவிப்பது, தேர்வையும் நண்பர்களையும் அதற்காக விடுவது, நன்கு வளர்ந்த உடலையும் மெலிந்தது என்றே நம்புவது போன்றவை தெரிந்தால், அது தசை குறித்த உடற்தோற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

அக்காவின் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவளை விசாரிக்க அவனுக்கு உரிமை இல்லை என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து, குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு தனியாக மகளிடம் பேசுங்கள். இந்த ஓராண்டில் அவள் என்ன பட்டாள் என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தம்பிக்குப் பயந்து அவள் எதையேனும் குறைத்துக்கொண்டிருந்தால், அதை அவளுக்குத் திருப்பித் தருவது மகனுக்குப் பாடம் சொல்வதைவிட அவசரமானது.

வயதுக் கோளாறா என்று கேட்டீர்கள். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஓர் இடத்தையும் ஒரு கூட்டத்தையும் தேடுவார்கள். அந்த அளவுக்கு இது வயதின் இயல்பு. ஜிம் அவனுக்கு ஒழுங்கைத் தந்திருக்கிறது, முகாம் தோழர்களைத் தந்திருக்கிறது, அந்தப் பேச்சு தான் எதற்கோ வேண்டியவன் என்ற உணர்வைத் தந்திருக்கிறது. இவற்றைப் பறித்துவிட்டு வெறுங்கையோடு அவனை நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையான ஒரு கூட்டத்தைத்தான் தேடிப்போவான். அவனுடைய சொல்லால் சினந்து, யார் இந்த வீட்டில் ஆண் என்று காட்டுகிறேன் பார் என்ற தொனியில் நீங்கள் இறங்கினால், அவன் கற்றது சரிதான் என்று நீங்களே சான்று கொடுத்தவராவீர்கள். அந்தக் காணொளிகளை ஓரிரு முறை அவன் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதைப் பார்த்தபின் உனக்கு எதை நினைத்துப் பயம் வருகிறது?" முதல் நாள் பதில் வராது. வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அவன் நான்கைந்து வயதில் விழுந்து அழுதபோது, "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று நீங்களோ, காலமான உங்கள் தாயாரோ, வீட்டில் வேறு எவரோ சொன்னதுண்டா? குற்றம் சாட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. என்னிடம் வரும் தந்தையரில் மிகப் பலர் அன்போடு அதைச் சொன்னவர்களே. சொல்லியிருந்தால், அன்று நான் சொன்னது தவறு என்று அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலக அளவில் ஒரு லட்சம் ஆண்களில் 12.6 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். பெண்களில் அது 5.4. இதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், துன்பத்தை வெளியே சொல்வதும் உதவி கேட்பதும் ஆணுக்கு இழுக்கு என்ற எண்ணம் அவற்றில் ஒன்று. உறக்கம் கெடுதல், பேச்சற்று ஒதுங்குதல், வாழ்வதில் பொருளில்லை என்பது போன்ற சொற்கள் எவையேனும் அவனிடம் தென்பட்டால், அடுத்த கடிதத்துக்குக் காத்திராமல் உடனே ஒரு மனநல மருத்துவரை அணுகுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஏன் அழுதீர்கள் என்பதை அவனிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அவன் கண்டது அழுகையை மட்டுமே. அதன் பின்னால் இருந்த உங்கள் தாயாரை, நீங்கள் சிறுவனாக இருந்தபோது அவர் எப்படி இருந்தார் என்பதை, அவன் அறியமாட்டான். இருவரும் மட்டும் இருக்கும் ஒரு மாலையில், அறிவுரை எதுவும் கலக்காமல், அவரைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லும்போது மீண்டும் கண் கலங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அதன்பின் அவன் என்ன சொன்னான், அல்லது எவ்வளவு நேரம் எதுவும் சொல்லாமல் அமர்ந்திருந்தான் என்பதை எனக்கு எழுதுங்கள்.